வண்டியைப் பறிகொடுத்தவன் குற்றவாளியா?

தாராவியில் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் டெம்போ ஓர் இரவில் களவு போயிற்று. விடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்; அன்றே முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. பிறகு பழைய இரும்புக் கடைகளிலும் லாரிப் பேட்டைகளிலும் தேடி அலைந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது பத்தொன்பதாம் நாள். ‘உடனே தெரிவிக்கவில்லை, நிபந்தனை மீறல்’ என்று மூன்றே வரியில் கம்பெனி கையை விரித்துவிட்டது. வண்டிக் கடனின் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் கதவைத் தட்டுகிறது!

நாம் கேட்கிறோம்: பிரீமியம் வாங்க வீடு தேடி வந்த ஏஜெண்ட் இந்த நிபந்தனையை ஒருமுறையேனும் தமிழில் படித்துச் சொன்னாரா? பாலிசி ஆங்கிலத்தில், போலீஸ் அறிக்கை மராத்தியில், நம்மவர் படித்ததோ தமிழில் ஐந்தாம் வகுப்பு. முதல் நாளே சொல்லியிருந்தால் கம்பெனியா போய்த் திருடனைப் பிடித்திருக்கும்?

தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கோரிக்கையைத் தள்ளாதீர்கள் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டது. பஞ்சாபில் ஒரு டிராக்டர் திருடு போன வழக்கில், கம்பெனிக்குத் தெரிவிக்க 52 நாள் ஆகியிருந்தது. போலீசில் உடனே புகார் செய்து, திருட்டும் உண்மையென்று தெரிந்தபின், கம்பெனிக்குச் சொல்லத் தாமதம் என்பதற்காக மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2020 ஜனவரி 24 அன்று தீர்ப்பளித்தனர். இது கம்பெனி வக்கீல்களுக்குத் தெரியாதா? தெரியும். ஏழை கோர்ட் வாசல் ஏறமாட்டான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கில்தான் மூன்று வரிக் கடிதம் பிறக்கிறது.

தோழர்களே, ஒன்றை மறைக்க மாட்டோம். போலீசுக்குப் போவதிலேயே தாமதித்தால் இந்தத் தீர்ப்பு கைகொடுக்காது. முதலில் புகார், அன்றே கம்பெனிக்கும் கடிதம், நகலில் ரசீது முத்திரை. மறுத்தால் கம்பெனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் நியாயம் கிடைக்காவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் போங்கள். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு.

எழுதத் தெரியாதவர் சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். நாம் கேட்பது தருமமல்ல. கட்டிய பணத்துக்கு உரிய கடன்!