அந்த ஆள் எங்கே?

பிப்ரவரி 8 புனித பக்கீத்தா திருநாள். சூடானில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே கடத்தப்பட்டு, பல கை மாறி விற்கப்பட்டவர். இத்தாலிக்கு வந்த பிறகு, 1889ல் வெனிஸ் நீதிமன்றம் இவர் அடிமையல்ல என்று சொல்லிவிட்டது. பிறகு கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 2015லிருந்து அந்த நாளை ஆள் கடத்தலுக்கு எதிரான மன்றாட்டு நாளாகத் திருச்சபை வைத்திருக்கிறது.

எங்கள் கோவிலிலும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். கடத்தப்பட்ட பெண்களுக்காக ஜெபித்தோம், கடத்துகிற புரோக்கர்கள் மனம் திரும்பவும் ஜெபித்தோம். காசு கொடுத்து அந்தப் பெண்ணிடம் போகிறானே, அவனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நான் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன். செலவு இருந்தால் பணம் கொடுத்தவன் பெயர் எங்காவது இருக்க வேண்டும்.

ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எண்பதுகளில், எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண், வீட்டு வேலை என்று நம்பிப் பம்பாய்க்குப் போனவள், ஏழெட்டு வருடம் கழித்துத் திரும்பினாள். எங்கே இருந்தாள் என்பது அவளுக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. அவளை வாங்கிய பணம், சாப்பாடு, அறை வாடகை எல்லாம் அவள் பேரிலேயே கடனாக எழுதி வைத்திருந்தார்களாம். கட்டி முடிக்கவே முடியாத கடன். ஞாயிறு பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அதே பெஞ்சில் இருந்த நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. மூன்று வாரம் வந்தாள், பிறகு வரவில்லை.

அதே கோவிலில் முதல் வரிசையில் ஒரு பெரிய அதிகாரி உட்காருவார். டூர் போகிற இடங்களில் அவர் என்ன செய்வார் என்பது ஆபீஸ் பியூன் வரைக்கும் தெரியும். அவருக்கு நான் எழுந்து வணக்கம் வைப்பேன்.

யோவான் நற்செய்தி (எங்கள் காலத்தில் அருளப்பர்) 8ஆம் அதிகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விபசாரத்தில் பிடிபட்டாள் என்று ஒரு பெண்ணை இழுத்து வருகிறார்கள். தனியாக எப்படிப் பிடிபட்டாள்? மோசேயின் சட்டம் இருவருக்கும் தண்டனை சொல்கிறது. ஆணை எவனும் கொண்டுவரவில்லை. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த ஆள் எங்கே என்று கேட்ட சாமியார் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

நான் படித்தது பிரெஞ்சு. இன்றும் பிரான்ஸ் செய்தி கண்ணில் பட்டால் விடுவதில்லை. 1946 ஏப்ரல் 13ல் அங்கே அரசு அனுமதியோடு நடந்த விபசார விடுதிகளை மூடச் சட்டம் வந்தது. ஏறக்குறைய 1,400 விடுதிகள். அதே காலத்தில் தல்வாஸ் என்ற பாதிரியாரும், அந்த வாழ்க்கையிலிருந்து மீண்ட ஜெர்மேன் கம்பியோன் என்ற பெண்ணும் சேர்ந்து ‘லெ நி’ என்ற இயக்கத்தை ஆரம்பித்தார்கள். கூடு என்று அர்த்தம். அந்த இயக்கம் பெண்களுக்கு இடம் கொடுத்ததோடு நிற்காமல், போகிற ஆணைப் பற்றியும் பேசியது. 2016ல், அதே ஏப்ரல் 13ல், புதுச் சட்டம் வந்தது. தெருவில் நிற்கிற பெண்ணுக்கு இருந்த தண்டனையை எடுத்துவிட்டார்கள். காசு கொடுக்கிறவனுக்கு 1,500 யூரோ வரை அபராதம், மறுபடி பிடிபட்டால் 3,750 வரை. இதனால் பெண்கள் இன்னும் மறைவான இடங்களுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அதையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ஆள் மாறினாரே, அது எனக்குச் சரியாகப் படுகிறது.

நம் நாட்டிலும் 2013ல் தண்டனைச் சட்டத்தில் 370ஏ சேர்த்தார்கள். கடத்தப்பட்டவள் என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும் அவளைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்குபவனுக்குக் குறைந்தது மூன்று வருடம் சிறை, சிறுமி என்றால் ஐந்து. சட்டம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் பையன்களுக்குக் கோவிலில் வகுப்பு எடுக்கிறோமே, அங்கே இதைச் சொல்கிறோமா?

போன வாரம் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். “கோவில்ல இதெல்லாம் எப்படி பேசறது, ஐயா?” என்றார். நானே பேசுகிறேன் சாமி, எனக்கு எழுபது தாண்டிவிட்டது, என்ன வெட்கம் என்றேன். பெஞ்சு மாறி உட்கார்ந்த கதையில்தான் ஆரம்பிப்பேன் என்றும் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.