மாவு பிசையும் மிக்சர்: வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள்

முதலில் என் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் எனக்குப் பழக்கமான அக்கா ஒருவர் இருக்கிறார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது தாமான் வீட்டில் குடியிருக்கிறார். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது வீட்டிலேயே ரொட்டி சுடப் பழகினார். தேங்காய்ப் பன், பால் ரொட்டி என்று அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். நாளடைவில் அது வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும் வருமானமாகவே ஆகிவிட்டது. கைவலி தாங்க முடியாமல் ஸ்டேண்ட் மிக்சர் வாங்க முடிவு செய்தவர் என்னிடம் யோசனை கேட்டார்.

"டீச்சர், ஒன்னு 800 வாட்டு, இன்னொன்னு 1,500 வாட்டு. விலை ஏறக்குறைய ஒன்னுதான். எதை எடுக்கலாம்?"

"1,500 எடுங்கக்கா. கூட இருந்தா நல்லதுதானே?" என்றேன்.

நான்கே வாரத்தில் அந்த மிக்சரிலிருந்து கருகிய வாடை வந்தது. பிறகு சுற்றவே இல்லை. ஒரே தடவையில் ஒரு கிலோ மாவைப் போட்டு, கால் மணி நேரம் ஓட்டியிருக்கிறார். "அவ்வளவு மாவு போடக்கூடாதென்று கையேட்டிலேயே இருக்கிறதே" என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். தவணைப் பணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. அறிவியல் ஆசிரியை சொன்ன யோசனையைக் கேட்டுத்தான் அவருக்கு இந்த நட்டம். அந்த உறுத்தல்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

பெட்டியில் உள்ள எண் எதைச் சொல்கிறது?

ஒரு விநாடியில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதே திறன் என்று மூன்றாம் படிவ அறிவியலில் சொல்லித்தருகிறோம். அதன் அலகு வாட். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட், அந்த இயந்திரம் சுவரிலிருந்து அதிக அளவாக எவ்வளவு மின்சாரத்தை வாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. அதில் எவ்வளவு கொக்கியின் முனையில் வேலையாக வந்து சேர்கிறது, எவ்வளவு மோட்டாருக்குள் சூடாக வீணாகிறது என்பது அந்த எண்ணில் இல்லை.

ரொட்டி மாவுக்குத் தேவைப்படுவது வேகம் அல்ல, முறுக்கு விசை. புக்கிட் மலாவத்தி குன்றில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் பாருங்கள். நான்காம் கியரில் வண்டி திணறும். ஒன்றாம் கியரில் மெதுவாக, ஆனால் உறுதியாக ஏறும். எஞ்சின் ஒன்றுதான், வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டுவது கியர். மிக்சரின் தலைக்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது. வேகமாகச் சுற்றும் சிறிய மோட்டாரின் ஓட்டத்தைப் பற்சக்கரங்கள் குறைத்துக் கொக்கிக்குக் கொடுக்கின்றன. அந்தச் சக்கரங்கள் உலோகமா பிளாஸ்டிக்கா என்பது 800-க்கும் 1,500-க்கும் உள்ள வேறுபாட்டைவிட முக்கியம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மலிவான மிக்சர்கள் பலவற்றில் மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில்தான் பொருத்தப்பட்டிருக்கும். மாவு கனமாக இருந்தால் மோட்டாரின் வேகம் குறைகிறது. அது இழுக்கும் மின்னோட்டமோ கூடுகிறது. சூடு அதிகம் பிறக்கும் அந்த நேரத்தில் விசிறியும் மெதுவாகவே சுற்றுகிறது. அக்காவின் மிக்சர் கருகியதற்கு இதுவே காரணம் என்று இப்போது புரிகிறது.

முப்பது கிலோ எடையில் பிறந்த இயந்திரம்

அமெரிக்காவின் ஹோபார்ட் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன். ரொட்டிக்காரர் ஒருவர் கனமான இரும்புக் கரண்டியால் மாவு கலக்கச் சிரமப்பட்டதைப் பார்த்து, 1908-இல் இவருக்கு இயந்திரக் கலவை பற்றிய எண்ணம் தோன்றியது. முதலில் ரொட்டிக்கடைகளுக்கான பெரிய இயந்திரம் வந்தது. 1919-இல் 'கிச்சன்எய்ட்' என்ற பெயரில் வீட்டுக்கான மிக்சர் வந்தது. அதன் எடை ஏறத்தாழ 30 கிலோ!

பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவதுபோல, அதன் கலக்கும் கம்பி தன் அச்சில் சுழன்றபடியே பாத்திரத்தையும் சுற்றி வந்தது. கோள் இயக்கம் எனப்படும் அந்த அமைப்புதான் இன்றும் பெரும்பாலான ஸ்டேண்ட் மிக்சர்களில் இருக்கிறது. எடைதான் வெகுவாகக் குறைந்துவிட்டது. இறுகிய மாவைப் பிசையும்போது இலேசான மிக்சர் மேசையில் நடக்கத் தொடங்கும். தலைப்பகுதி எகிறி எகிறி விழும். கடையில் மிக்சரைத் தூக்கிப் பாருங்கள். சிரமமில்லாமல் தூக்க முடிந்தால், அது கேக் மாவுக்கும் கிரீமுக்கும் ஏற்றது. ரொட்டிக்குச் சற்று யோசிக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலும் மாவின் சூடும்

வெளிநாட்டுச் செய்முறைகளைப் பார்த்து ரொட்டி சுடுகிறவர்கள் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மிக்சர் என்பது மாவைச் சூடேற்றும் கருவியும்கூட.

கோதுமை மாவில் உள்ள இரண்டு வகைப் புரதங்கள் நீரோடு சேர்ந்து குளூட்டன் என்ற வலையாகின்றன. ஈஸ்ட் வெளிவிடும் கரியமில வாயுவை அந்த வலை பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ரொட்டி உப்புகிறது. பிசைவது அந்த வலையை வலுவாக்கத்தான். ஆனால், பிசையச் செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி உராய்வால் வெப்பமாக மாவிலேயே தங்கிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 500 கிராம் கோதுமை மாவு, 325 கிராம் தண்ணீர். இந்தக் கலவையின் சூட்டை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 2.2 கிலோ ஜூல் தேவை. கொக்கி வழியாக மாவுக்குள் 50 வாட் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் அது 30 கிலோ ஜூல். அதாவது 13 பாகைக்கு மேல் ஏற்றம்! குளிர்நாட்டுச் சமையலறையில் 15 பாகையில் தொடங்கும் மாவு 28-இல் முடியும், அது பரவாயில்லை. கோல சிலாங்கூர் வெயிலில் நம் மாவும் தண்ணீரும் தொடக்கத்திலேயே 30 பாகையில் இருக்கின்றன. பாத்திரமும் காற்றும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டாலும் மாவு 40 பாகையை நெருங்கிவிடும்.

பிசைந்து முடித்த மாவு 24 முதல் 27 பாகைக்குள் இருப்பதே ரொட்டிக்கு நல்லது. அதைத் தாண்டினால் மாவு கையில் பிசுபிசுவென்று ஒட்டும். ஈஸ்ட் அவசரப்பட்டுப் பொங்கும். ரொட்டியில் புளித்த கள் வாடை அடிக்கும். மாவு ஒட்டுகிறதே என்று மேலும் மாவைக் கொட்டுவோம். ரொட்டி மறுநாளே காய்ந்து போகும். குறை மாவில் அல்ல, சூட்டில்.

இதற்கு மருந்து ஐஸ் கட்டி. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு மட்டும் 334 ஜூல் வெப்பத்தை உறிஞ்சும். 90 கிராம் ஐஸ் உருகினால் ஏறத்தாழ 30 கிலோ ஜூல். மேலே சொன்ன பத்து நிமிடச் சூட்டுக்கு அது ஈடாகிவிடுகிறது. உருகிய குளிர்ந்த நீர் மாவை இன்னும் சில பாகை இறக்கும். ஆகவே 325 கிராம் தண்ணீரில் 100 கிராமைக் குறைத்துக்கொண்டு, அதே எடைக்கு நொறுக்கிய ஐஸ் போடுங்கள்.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. இட்லி மாவை மிக்சியில் அரைத்தால் சூடாகிவிடும் என்று நம் வீட்டுப் பெண்கள் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைப்பதில்லையா? 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய மின் கிரைண்டர் இன்றும் நம் வீடுகளில் மதிக்கப்படுவது ஏன்? கல் மெதுவாகச் சுற்றுகிறது, மாவு சூடாவதில்லை. ரொட்டி மாவுக்கும் அந்த நிதானம்தான் வேண்டும். மிக்சரின் வேகம் எட்டு வரை இருந்தாலும், கொக்கியை மாட்டியபின் ஒன்று, இரண்டைத் தாண்டாதீர்கள்.

இயந்திரத்தின் வேலையில் பாதியை நேரத்திடம் கொடுங்கள்

புரோட்டா போடுகிறவர்கள் மாவைப் பிசைந்ததும் வீசத் தொடங்குவதில்லை. உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, மணிக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். பிரெஞ்சு ரொட்டி ஆய்வாளர் ரேமண்ட் கால்வெல் 1970-களில் பரப்பிய முறையும் இதற்கு நெருங்கியதுதான். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் சும்மா விட்டால், குளூட்டன் வலை தானாகவே உருவாகத் தொடங்கும். பிறகு உப்பும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசைந்தால் மிக்சர் ஓடும் நேரம் வெகுவாகக் குறையும். மோட்டாரும் பிழைக்கும், மாவும் குளிர்ச்சியாக இருக்கும்.

மார்ஜரினைக் கடைசியில் சேருங்கள். கொழுப்பு முதலிலேயே மாவைப் பூசிக்கொண்டால் புரதம் நீரோடு சேர்வது தடைப்படும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் அமைந்தது. செம்பனை எண்ணெயோடு இத்தனை காலம் வாழ்ந்த நமக்கு, அதை எப்போது மாவில் சேர்ப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டாமா?

கடிகாரத்தைப் பார்த்து மிக்சரை நிறுத்தாதீர்கள். மாவைப் பார்த்து நிறுத்துங்கள். ஒரு சின்ன உருண்டையை எடுத்து இரு கை விரல்களாலும் மெல்ல விரியுங்கள். கிழியாமல் சவ்வுபோல் விரிந்து, பின்னால் விரலின் நிழல் தெரிந்தால் போதும். சாதாரணப் பொட்டல மாவில் புரதம் குறைவு என்பதால் அது அந்த அளவுக்கு விரியாது. அதற்காக மிக்சரை இன்னும் பத்து நிமிடம் வதைப்பதில் பயனில்லை. ரொட்டிக்கென்று விற்கும் புரதம் மிகுந்த மாவை வாங்குங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

மிக்சர் வாங்கப் போனால் மூன்று கேள்விகள் கேளுங்கள். ரொட்டி மாவு என்றால் ஒரு தடவைக்கு எத்தனை கிராம் உலர்ந்த மாவு போடலாம்? தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம், பிறகு எவ்வளவு நேரம் ஓய்வு? விற்பனைக்காகச் சுட்டால் உத்தரவாதம் செல்லுமா? 'பாத்திரம் 7 லிட்டர்' என்பது முதல் கேள்விக்குப் பதில் ஆகாது. அது பாத்திரத்தின் கொள்ளளவு. மோட்டாரின் தாங்குதிறன் அல்ல. பதில் கையேட்டில்தான் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து அதைக் காட்டச் சொல்லுங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

என் கருத்து இதுதான். வாட் எண்ணைக் கொட்டை எழுத்தில் அச்சிடும் நிறுவனங்கள், மாவின் அளவையும் நிமிடக் கணக்கையும் அதே அளவு எழுத்தில் பெட்டியின் முகப்பிலேயே அச்சிட வேண்டும். வீட்டிலிருந்து பத்து வெள்ளி, இருபது வெள்ளி சம்பாதிக்கும் பெண்களே இந்த இயந்திரங்களைத் தவணையில் வாங்குகிறார்கள். கையேட்டின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரி அவர்களின் பல மாத உழைப்பை விழுங்கக்கூடாது. பள்ளியில் திறன் பற்றிப் பாடம் நடத்தும் என்னைப் போன்றோரும் சூத்திரத்தோடு நின்றுவிடாமல், பொருள்களின் பெட்டியைப் படிக்கவும் மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும்.

அந்த அக்கா இப்போது 600 வாட் மிக்சர் ஒன்று வைத்திருக்கிறார், நல்ல கனமானது. அதை வாங்கும் முன்பே ஒரு தராசும் வெப்பமானியும் வாங்கிவிட்டார். ஒரு தடவைக்கு அரை கிலோ மாவுதான் போடுகிறார். அது ஓய்வெடுக்கும் நேரத்தில் அடுத்த மாவை ஊறவைக்கிறார். போன வாரம் பன் கொண்டுவந்து கொடுத்தபோது, "டீச்சர், இந்தத் தடவை 26 பாகை" என்றார்.

எனக்கு அது, ஒரு மாணவி தேர்வில் தேறிய செய்திபோல இருந்தது. உண்மையில் தேறியவள் நான்தான்.