பின்னவலைக்கு ஒருநாள்



பாடசாலை விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்காவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று எல்லாத் தாய்மாருக்கும் ஆசைதான். எங்களில் பலருக்கு அந்த ஆசையை வாய்விட்டுச் சொல்லவே தயக்கம். 'புருஷன் இல்லாதவளுக்கு என்ன சுற்றுலா?' என்று கேட்கும் வாய்கள் ஊரில் இன்னும் அடங்கவில்லை. அதே வாய்கள், பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் காசிருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பவர்கள் கேட்கட்டும், நாங்கள் பயணத்தைப் பற்றிப் பேசுவோம்.

பின்னவல யானைகள் அநாதை இல்லம் கேகாலை மாவட்டத்தில், ரம்புக்கனைக்கு அருகே இருக்கிறது. வடக்கிலிருந்து புகையிரதத்தில் வருபவர்கள் பொல்கஹவெலவில் இறங்கி, கண்டிப் பாதையில் செல்லும் வண்டிக்கு மாறவேண்டும். 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 இல்தான் திரும்பவும் ஓடத் தொடங்கியது. அதற்கு இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் யானையைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள். வண்டி நேரங்களை முதலே விசாரித்து வையுங்கள்.

இந்த இல்லம் 1975 இல் தொடங்கப்பட்டது. தாயை இழந்த குட்டிகள், கிணற்றிலும் குழியிலும் விழுந்து கூட்டத்தைப் பிரிந்த குட்டிகள் இங்கே கொண்டுவரப்பட்டன. ஒரு பெண் யானை ஏறக்குறைய 22 மாதங்கள் சுமந்துதான் ஒரு குட்டியைப் பெறுகிறது. ஆனால் குட்டியை வளர்ப்பது அவள் ஒருத்தி மட்டுமல்ல. கூட்டத்திலுள்ள மற்றப் பெண் யானைகளும் சித்தி, பெரியம்மாவைப்போலக் குட்டிக்குக் காவல் நிற்கும். ஆற்றங்கரையில் இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். குட்டி ஒன்று கால் சறுக்கினால், பெற்றவளுக்கு முதல் பக்கத்தில் நிற்பவள் தும்பிக்கையை நீட்டிவிடுவாள். கணவன்மாரைத் தொலைத்த பின்பு ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்து, மாறிமாறிக் கூலி வேலைக்குப் போன எங்கள் சகோதரிகளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 31 இல் சுரங்கி என்ற யானை இங்கே இரட்டைக் குட்டிகளை ஈன்றது. இலங்கையில் வளர்ப்பு யானைக்கு இரட்டை பிறந்தது 1941 இற்குப் பிறகு அதுவே முதல் தடவை.

சமாவின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குட்டியாக இருந்தபோதே மிதிவெடியில் முன்னங்காலின் பாதத்தை இழந்து இந்த இல்லத்துக்கு வந்த யானை அது. மற்ற மூன்று கால்களையும் ஊன்றித்தான் நடந்தது. இதை எங்கள் கூட்டமொன்றில் சொன்னபோது, ஜெய்ப்பூர்க் கால் போட்டிருந்த சகோதரி ஒருவர், "அதுக்கும் ஒரு கால் செய்து போட ஏலாதாமோ?" என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் பாரத்தைத் தாங்கிப் பழகியவர் கேட்ட கேள்வி அது.

சங்கிலி போட்ட யானைகளையும் அங்கே காண்பீர்கள். பிள்ளை 'ஏன் கட்டி வைச்சிருக்கினம்?' என்று கேட்டால் மழுப்பாதீர்கள். இங்கே வளர்ந்தவை காட்டுக்குத் திரும்புவதில்லை. உடவளவையில் 1995 இல் தொடங்கிய இடைத்தங்கல் நிலையத்தில் வேறு முறை. அங்கே மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் கொடுத்து வளர்த்து, மனிதரோடு அதிகம் ஒட்டவிடாமல் காட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வழிதான் நல்லது.

காலையிலும் பிற்பகலிலும் யானைகளை மகா ஓயாவுக்குக் குளிக்க அழைத்துச் செல்வார்கள். அந்த நேரத்துக்கு முன்பே ஆற்றங்கரைக்குப் போய்விட்டால் நல்ல இடம் பிடிக்கலாம். கரைக் கடைகளில் விலை அதிகம், ஆகவே புளிச்சாதமோ புட்டோ கட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம். யானைக்கு மிக நெருங்கி நின்று படம் எடுக்கச் சொல்லிச் சிலர் காசு கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடவுங்கள். இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரு வான் பிடித்தால் செலவும் பங்காகும், சிறு பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் இருக்கும்.