மீன்குஞ்சு விடும் அமைச்சர்களும் பெயரற்ற மீன்களும்

நமது நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஆண்டுதோறும் தவறாமல் வெளிவரும் படம் ஒன்று உண்டு. அமைச்சர், அரசாங்க அதிபர், பிரதேச செயலாளர், நன்னீர் மீனவர் சங்கத் தலைவர் ஆகியோர் குளக்கட்டில் வரிசையாக நிற்பர். பொலித்தீன் பையிலிருந்து மீன்குஞ்சுகள் நீரில் ஊற்றப்படும். இத்தனை இலட்சம் குஞ்சுகள் விடப்பட்டன என்று கீழே ஒரு வரி இருக்கும். செய்தி மேசையில் கழித்த ஆண்டுகளில் இத்தகைய செய்திகள் நூற்றுக்கணக்கில் என் முன்னே வந்து போயிருக்கின்றன. அவற்றில் இரண்டு கேள்விகளுக்கு மாத்திரம் விடை இருப்பதில்லை. விடப்பட்டது என்ன மீன்? அந்த நீரில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தது என்ன மீன்?

இவ்விரு கேள்விகளையும் கேட்காதவரை மீன் என்பது நமக்கு வெறும் தொன் கணக்கு. அரசாங்கம் உற்பத்தி கூடியது என்று மார்தட்டும். எதிர்க்கட்சி குறைந்தது என்று குற்றஞ்சாட்டும். இந்தக் கூச்சலுக்குள் ஒரு நாட்டின் இயற்கைச் செல்வம் ஓசையின்றிக் கரைந்துபோவதை எந்தக் கட்சியும் கண்டுகொள்வதில்லை.

அந்தச் செல்வத்தின் அளவு என்ன? இலங்கை, தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழப் பாதி. இச்சிறிய தீவில் 103 ஆற்றுப் படுகைகள் உள்ளன. 2020 ஆம் ஆண்டின் தேசிய செந்நிறப் பட்டியல் நமது நன்னீருக்கு உரிய மீனினங்கள் 97 என மதிப்பிட்டது. அவற்றுள் 61 இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லாதவை. மூன்றில் இரண்டு பங்கு நமக்கு மட்டுமே உரியது என்பது எந்த நாடும் பெருமைப்பட வேண்டிய கணக்கு. அதே பட்டியலின்படி பாதிக்கு மேற்பட்ட இனங்கள் அழிவின் அச்சுறுத்தலில் உள்ளன. இது எந்த நாடும் வெட்கப்பட வேண்டிய கணக்கு. நம் பத்திரிகைகளில் முதற் கணக்கும் வரவில்லை, இரண்டாவதும் வரவில்லை.

இந்த மீன்களில் பெரும்பாலானவை களனி, களு, பெந்தர, ஜின், நில்வளா ஆகிய தென்மேற்கு ஈரவலய ஆறுகளிலும் அவற்றுக்கு நீர் தரும் காட்டோடைகளிலும் வாழ்கின்றன. விரல் நீளம்கூட இல்லாதவை பல. சந்தையில் விலைபோகாதவை. ஆனால், கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கு ஒரு செய்தி சொல்வேன். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உங்கள் பிள்ளைகள் மீன்தொட்டிக் கடையில் ஆசையோடு பார்த்து நிற்கும் ‘செரி பார்ப்’ எனும் செந்நிறச் சிறுமீனின் பூர்வீகம் இந்த ஆறுகள்தாம். பி. இ. பி. தெரணியகல 1929 இல் அதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் சிங்களப் பெயரான ‘தித்தயா’ அறிவியற் பெயரிலும் இடம்பெற்றது. 2023 இல் அது தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டு, இலங்கை நன்னீர் மீன்களைப் பற்றி 1991 இல் பெருநூல் எழுதிய ரொஹான் பெத்தியகொடவின் பெயரால் ‘ரொஹானெல்லா’ எனப் பெயர் சூட்டப்பட்டது. இன்று அதே மீன் வெளிநாட்டுப் பண்ணைகளில் பெருகி விற்பனையாகிறது. பிறந்த மண்ணிலோ அதன் ஓடைகள் ஒவ்வொன்றாக வற்றிக்கொண்டும் அழுக்கடைந்துகொண்டும் இருக்கின்றன.

செரி பார்ப்புக்காவது உலகச் சந்தை கிடைத்தது. கேகாலை மாவட்டத்தின் கலபிட்டமட பகுதியில் வயல்களினூடே ஓடும் ஒரு சிற்றோடையில் மட்டும் இயற்கையாக வாழ்வதாக அறியப்பட்ட ‘பந்துல’ கெண்டையின் நிலை என்ன? ஓர் உழவர் பூச்சிகொல்லித் தெளிகருவியை அந்த ஓடையில் ஒருமுறை கழுவினால் அதன் உலகின் பெரும்பகுதி நஞ்சாகிவிடும். யானைக்கும் சிறுத்தைக்கும் சரணாலயம் உண்டு. ஓர் ஓடைக்கு உள்ள பாதுகாப்பு, அதன் கரையில் வாழும் ஏழை விவசாயியின் நல்லெண்ணம் மட்டுமே. அந்த நல்லெண்ணத்தை வளர்க்க அரசு செலவிடுவது எவ்வளவு, குளக்கட்டு விழாக்களுக்குச் செலவிடுவது எவ்வளவு என்பதை யாராவது ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இனி, மீன்குஞ்சு விழாக்களின் பக்கம் உள்ள நியாயத்தையும் கூறியாக வேண்டும். இலங்கையில் இயற்கையான பெரும் ஏரிகள் இல்லை. ஆற்றோர வெள்ளச் சமவெளி நீர்நிலைகளான வில்லுகளை விட்டால், இங்குள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் மனிதன் கட்டியவை. நமது பூர்வீக மீன்கள் ஆற்றுக்கும் ஓடைக்கும் பழகியவை. ஆகையால் 1950களின் தொடக்கத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட திலாப்பியா, குளங்களின் ஆழநீரில் ஏறத்தாழ வெறுமையாய் இருந்த இடத்தை நிரப்பிக்கொண்டது என்று அறிஞர் பலர் வாதிடுகின்றனர். அதில் உண்மையுண்டு. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரை, உன்னிச்சை எனப் பெருங்குளங்களை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். போர் முடிந்து வெறுங்கையோடு மீளக் குடியேறிய மக்களின் அடுப்பை எரியவைத்தவற்றுள் திலாப்பியாவும் ஒன்று. அதனைப் பழிப்பது என் நோக்கமன்று.

நான் கேட்பது வேறு. குளத்துக்குப் பொருந்தும் நியாயத்தை ஆற்றுக்கும் ஓடைக்கும் எப்படி நீட்டினீர்கள்? குளம் தனித்த பாத்திரமன்று. அதற்கு வான்கதவு உண்டு, கலிங்கு உண்டு, வாய்க்கால் உண்டு. மாரியில் குளம் நிரம்பி வழியும்போது உள்ளே விட்டது வெளியே போகும். மகாவலித் திட்டத்தின் பின்னர் ஒரு படுகையின் நீர் சுரங்கம் வழியாகவும் கால்வாய் வழியாகவும் மறு படுகைக்குச் செல்கிறது. நீரோடு மீனும் செல்கிறது. பல்லாயிரம் ஆண்டுகள் தனித்தனியே வாழ்ந்த உயிர்களைப் பொறியியலாளர் ஒரே குழாயில் இணைத்துவிட்டனர்.

விட்டதைத் திரும்பப் பெற முடியாது என்பதற்கு நமது வரலாறே சாட்சி. 1990 இல் பிரேமதாச அரசாங்கம், மதத் தரப்பினரின் எதிர்ப்பைக் காரணமாகக் கொண்டு, உள்நாட்டு மீன்பிடிக்கான அரச ஆதரவை விலக்கிக்கொண்டது. குஞ்சு பொரிக்கும் நிலையங்கள் கைவிடப்பட்டன. 1994 இல் ஆட்சி மாறியபோதுதான் அந்த ஆதரவு திரும்பியது. அந்நான்கு ஆண்டுகளும் நலிந்தவர் மீனவரே. திலாப்பியா தன்பாட்டில் இனம் பெருக்கிக்கொண்டே இருந்தது. அரசாங்கத்தின் கொள்கை மாறலாம். ஆற்றில் விட்ட மீனுக்கு வர்த்தமானி அறிவித்தல் புரியாது.

வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் 1880களில் தூண்டில் விளையாட்டுக்காக மலையக ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டனர். அவ்வகை மீனின் வழித்தோன்றல்கள் இன்றும் ஹோர்ட்டன் சமவெளியில் உள்ளன. அங்கு மட்டுமே அறியப்பட்ட ஒரு சின்னஞ்சிறு நன்னீர் இறாலினம் அவற்றுக்கு இரையாகிறது. அந்தத் துரைமாரைக் குறை கூற நமக்குத் தகுதி உண்டா? 1990களில் அலங்கார மீன் வியாபாரத்தின் கழிவாகக் கத்திமீன் நமது நீர்நிலைகளுள் புகுந்தது. தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று வாங்கிவந்து, பெருத்ததும் ஆற்றில் கொட்டப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளிறு இன்று பல நீர்த்தேக்கங்களில் வலைகளைக் கிழிக்கிறது. அண்மையில் தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் தென்கிழக்காசியாவின் இராட்சத விரால் பெருகியிருப்பது தெரியவந்தது. 2025 இல் அதனைப் பிடிக்கத் தூண்டிற் போட்டி ஒன்றே நடத்தினார்கள். போட்டியன்று ஒரு விரால்கூட அகப்படவில்லை.

இதில் உள்ள முரணைக் கவனியுங்கள். நமக்கென்றே பெருவிரால் ஒன்று உண்டு. இந்தியாவிலுள்ள இனமே என்று நெடுங்காலம் கருதப்பட்ட அது, தனி இனம் என்று 2020 இல் மரபணு ஆய்வு மூலம் உறுதிப்படுத்தப்பட்டது. வீட்டில் இருந்த விராலை அடையாளம் காண இவ்வளவு காலம் எடுத்தோம். அந்நிய விரால் வீடு புகுவதற்குச் சில ஆண்டுகள் போதுமாயின.

நல்ல நோக்கத்தோடு செய்வதும் கேடாகலாம். 2016 இன் இறுதியில் மன்னாரில் மலேரியாவைப் பரப்பவல்ல புதிய நுளம்பு கண்டறியப்பட்டபின், வடக்கில் கிணறுகளில் கப்பி மீன்கள் விடப்பட்டன. கிணறு மூடிய நீர். அதில் விடுவதைக் குறை கூறமாட்டேன். ஆனால், அதே கப்பியை வாய்க்காலிலும் ஓடையிலும் கொட்டுவது எந்த விஞ்ஞானம்? நீர்ப்பரப்பை ஒட்டி நின்று நுளம்புக் குடம்பிகளை உண்ணும் சிறுமீன்கள் நம் மண்ணிலேயே உள்ளன. அவற்றை வளர்த்தால் என்ன?

அந்நிய மீன் ஒரு கேடு. நீரையே பறிப்பது அதனினும் பெருங்கேடு. ஈரவலய ஓடைகளில் சிறு நீர்மின் நிலையங்கள் ‘பசுமைச் சக்தி’ என்ற பெயரோடு எழும்பின. ஓடையை மறித்துக் குழாயில் இறக்கி மின்பிறப்பாக்கியைச் சுழற்றியபின், பல நூறு மீற்றர் கீழேதான் நீரைத் திரும்ப விடுகிறார்கள். இடைப்பட்ட ஓடை வெறும் பாறையாகக் கிடக்கிறது. குறைந்தபட்ச நீரோட்டம் விட வேண்டும் என்ற நிபந்தனை கடதாசியில் இருக்கும். வரட்சிக் காலத்தில் அதைப் போய்ப் பார்ப்பவர் யார்? மேல் மகாவலியின் பாறைச் சுழிகளில் வாழும் ‘கடயா’ எனும் பெருங்கெண்டை நமக்கே உரிய இனம். 1980களில் எழுந்த பேரணைகள் அத்தகைய வேகநீர்ப் பகுதிகளை அசையா நீரின் அடியில் ஆழ்த்தின. களு கங்கைப் படுகையில் மாணிக்கக் கல் அகழ்வின் சேறு, எங்கும் மணல் அகழ்வு, கரையோர மரங்களின் அழிப்பு, நஞ்சும் வெடியும் வைத்து மீன்பிடித்தல் என்று பட்டியல் நீளும். நிழல் போனால் நீர் சூடேறும். சேறு படிந்தால் கூழாங்கற்களிடையே இடப்பட்ட முட்டை மூச்சுத் திணறும். இதைப் புரிந்துகொள்ள மீனியல் பட்டம் தேவையில்லை.

2015 ஆகஸ்ட் மாதம் குளிர்பான ஆலை ஒன்றிலிருந்து கசிந்த டீசல் களனி கங்கையில் கலந்தது. கொழும்புப் பகுதிக் குடிநீர் விநியோகம் பாதிக்கப்பட்டதும் அது முதற்பக்கச் செய்தியாயிற்று. குழாயில் நீர் திரும்பியதும் செய்தி முடிந்தது. குழாய்க்கு வெளியேயும் அந்த ஆற்றில் உயிர்கள் இருந்தன என்பதை எத்தனை செய்தியாளர் எழுதினர்?

“மக்களே பட்டினி கிடக்கையில் விரல்நீள மீனுக்கு வக்காலத்தா?” என்று கேட்பவர்கள் உண்டு. விரல்நீள மீனை எவரும் மக்களின் தட்டிலிருந்து பறித்து வைக்கவில்லை. அது சாகும் ஓடையின் நீரைத்தான் கீழே உள்ள கிராமம் குடிக்கிறது. மீன் முதலில் சாகிறது என்பதால் அது மனிதனுக்கு விடுக்கும் முன்னெச்சரிக்கை.

“அவை சிங்களப் பிரதேசத்து ஆறுகள், நமக்கென்ன?” என்ற இன்னொரு கேள்வி, வெளியே சொல்லப்படாமல் நம்மவர் மனத்தில் இருக்கிறது. அதற்கும் விடை கூறுகிறேன். களனியும் மகாவலியும் பிறக்கும் மலைகளில் இருநூறு ஆண்டுகளாக வாழ்பவர்கள் மலையகத் தமிழர்கள். மகாவலி கடலைச் சேருவது திருகோணமலை மாவட்டத்தில். தம்புள்ளைப் பக்கம் பிறந்து மல்வத்து ஓயா என்று ஓடும் ஆறே மன்னாரில் அருவியாறாகிக் கட்டுக்கரைக் குளத்தை நிரப்புகிறது. மேலே அள்ளிய மணலும் கொட்டிய நஞ்சும் கீழே நம் வாசலுக்கு வரும். மாகாண எல்லை வரைபடத்தில் உண்டு, நீரில் இல்லை.

விரால், சுங்கான், கெளிறு, விலாங்கு, ஆரல், பனையேறி, உளுவை, கெண்டை எனக் குளத்து மீன்களுக்குத் தமிழில் பெயர்கள் உண்டு. கெண்டை என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடக்கிவிட்ட இனங்கள் எத்தனை? மலையக ஓடைகளில் மீன் பிடித்து விளையாடும் தோட்டத்துச் சிறுவர்கள் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. சிங்களத்தின் தித்தயாவும் மல்புலுட்டாவும் உலக அறிவியலில் ஏறிவிட்டன. அது அவர்களது உழைப்பு. அதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. நமது பல்கலைக்கழகங்களின் விலங்கியல் துறைகளும் தமிழ்த் துறைகளும் கூடிச் செய்ய வேண்டிய இவ்வேலையை வேறு யார் செய்வார்?

ஆகவே சில கோரிக்கைகள். இயற்கையான ஆறுகளிலும் ஓடைகளிலும் அந்நிய மீன் எதையும் விடுவது முற்றாக நிறுத்தப்பட வேண்டும். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை குளங்களில் குஞ்சு விடும்போது, இனத்தின் பெயரையும் அக்குளத்தின் பூர்வீக இனங்களின் பட்டியலையும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டமும் 1937 முதல் உள்ள வனசீவராசிகள் கட்டளைச் சட்டமும் வழக்குத் தொடர்வதற்காக இயற்றப்பட்டவை; அலுமாரியில் வைப்பதற்காக அல்ல. அலங்கார மீன் இறக்குமதியாளர், தாம் கொண்டுவந்த இனம் ஆற்றில் தோன்றினால் பதில் கூற வேண்டும். சிறு நீர்மின் நிலையங்கள் விடும் நீரின் அளவை அயலிலுள்ள மக்களே பார்த்தறிய அளவுகோல் நாட்டப்பட வேண்டும். ஆற்றங்கரை மரங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் மரங்களுக்கே திரும்ப வேண்டும்.

என் தொழில்முறை நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை குளக்கட்டிலிருந்து அந்தப் படம் வரும்போது, அமைச்சரின் பெயரை எழுதுமுன் மீனின் பெயரைக் கேளுங்கள். பெயர் தெரியாது என்று அதிகாரி சொன்னால், அதுவே அன்றைய தலைப்புச் செய்தி.