வெவெஸ்ஸைச் சபையும் நம் வாலிபர் சங்கங்களும்

பதுளை நகரை அடுத்துள்ள வெவெஸ்ஸைத் தோட்டத்திலே 1940 ஆம் ஆண்டில் நடந்ததை நம் வாலிபருள் எத்துணைப் பேர் அறிவர்? முல்லோயாவில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டு அது. அங்கு எழுந்த வேலைநிறுத்த அலை ஊவாவையும் எட்டிற்று. எட்மண்ட் சமரக்கொடி, வில்லி ஜயதிலக, வி. சித்தம்பலம் முதலிய சமசமாஜிகள் முன்னின்றனர். வெவெஸ்ஸைத் தொழிலாளர் தமக்குள்ளே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே காரியம் நடத்துவதாகத் துரை உடன்பட நேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரின் துப்பாக்கிகளையும் தொழிலாளர் பறித்துவிட்டனர். பின்னர் அடக்குமுறை கட்டவிழ்ந்தது. வெள்ளமும் சேர்ந்து ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்துவிட்டது. சபை சிதைந்தது.

மேடைகளில் துப்பாக்கி பறித்த கதையே முழங்கும். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் பிரட்டுக்களத்தில் கைகட்டி நின்றவர்கள் தாமே ஆள் தெரிந்து, அவர்கள் வாயிலாகத் துரையுடன் பேசினார்களே, அதுவே என் கண்ணுக்குப் பெரிதாகப் படுகிறது.

யாழ்ப்பாணத்து வாலிபர் காங்கிரஸ் 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றி, 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலையே குடாநாட்டில் பகிஷ்கரிக்கச் செய்தது. அந்தப் பகிஷ்காரம் தவறென்பது என் கருத்து. அதன் வலிமையை மறுப்பதற்கில்லை. அவர்களுக்குக் கல்லூரிகளும் ஆசிரியர்களும் இருந்தனர். ஊவாத் தோட்டத்துப் பிள்ளைக்கு இருந்ததென்ன? கொழுந்துக் கூடையும் லயத்து அறையும் அன்றோ!

இருந்த வாக்கும் பறிபோயிற்று. 1947 இல் பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் அந்த வாயிலை அடைத்தன. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. நாடற்ற நிலை முற்றாகத் தீரச் சட்டம் வந்தது 2003 இல்!

இதற்கிடையே 1979 ஆம் ஆண்டின் 69 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் அமைந்தது. கிராம சேவகர் பிரிவுக்குக் கழகம், அதன்மேல் பிரதேச, மாவட்ட சம்மேளனங்கள் என்பது அதன் ஏணி. ஏற்பாடு நன்றே. ஆனால் ஊர்களும் தோட்டங்களும் ஒரே பிரிவுக்குள் அடங்கும் இடங்களில் முதற்படியே தோட்டத்து வாலிபனுக்கு எட்டுவதில்லை. கூட்டம் ஊரில், பேச்சு சிங்களத்தில், அறிவித்தலோ அவன் கைக்கு வருவதேயில்லை. தோட்டத்துக்குள் இருக்கும் சங்கங்களோ தொழிற்சங்கத்தின் வாலாகிவிடுகின்றன. ஒரு சங்கத்தின் பதிவேட்டை என்னிடம் கொண்டுவந்தார்கள். பதினொரு ஆண்டுகளாகத் தலைவர் ஒருவரே. அவருக்கு வயது நாற்பத்தாறு. வாலிபத்தின் நீளத்தைக் கண்டு வியந்தேன்!

இது வேடிக்கையோடு நிற்கும் விஷயமன்று. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையைக் கையிலெடுத்து, அதிகாரிக்கு எழுதி, பதில் வரும்வரை விடாது கேட்கும் வலுவுள்ள சபையொன்று அத்தோட்டத்து மக்களுக்கு வாய்த்திருந்தால்?

ஆகவே ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் வாலிபர் சபை வேண்டும். ஆண்டுதோறும் இரகசிய வாக்கெடுப்பு, முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர்க்குப் பதவியின்மை, பெண்களுக்குப் பாதி இடம் ஆகியவை விதிகளில் எழுதப்பட வேண்டும். கொழுந்து பறிப்பவர் பெண்கள். கூட்டத்தில் தேநீர் ஊற்றுவது மட்டுமா அவர் பங்கு? தொழிற்சங்கத் தலைவர்கள் இதைப் பிளவு என்பர். சம்பளப் பேச்சு அவர்களுடையதாகவே இருக்கட்டும். காணி உறுதி, மண்சரிவு அறிக்கை, பாடசாலை, பாதை ஆகியவற்றை இச்சபைகள் ஏற்கட்டும்.

பதுளையிலும் பண்டாரவளையிலும் தொழில் புரியும் வழக்கறிஞர்களே, ஆசிரியர்களே! உங்களிற் பலர் லயத்தில் பிறந்தவர்கள். வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர்களே, உங்கள் பிள்ளைகளும் அதே மலைச்சரிவில்தான் உறங்குகிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தோட்டத்துக்குச் செல்லுங்கள். விதிகளை எழுதிக் கொடுங்கள். கூட்டக் குறிப்பு எழுதப் பழக்குங்கள். தம் பிரிவைப் பற்றிய மண்சரிவு அறிக்கையின் பிரதியைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பதே அச்சபையின் முதல் தீர்மானமாக இருக்கட்டும்.