ஐந்தாம் படிவத்தில் கேட்டுப் பயனில்லை

நம் பிள்ளைகள் ஏன் அறிவியல் துறைக்குப் போகவில்லை என்று ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு வரும்போதெல்லாம் கேட்கிறோம். இரண்டு ஆண்டு பிந்திக் கேட்கும் கேள்வி இது.

அறிவியல், கலை என்று மாணவரைப் பிரிக்கும் பழைய முறை 2020இல் போய், நான்காம் படிவத்தில் பாடத் தொகுப்பு முறை வந்தது. விரும்பியதை எடுக்கலாம் என்பது ஏட்டில். நடப்பிலோ, பள்ளி எந்தத் தொகுப்பை நடத்துகிறதோ அதுதான் மாணவர் விருப்பம். கூடுதல் கணிதமும் இயற்பியலும் இல்லாத தொகுப்பில் போய் உட்கார்ந்தவருக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் அன்றே எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது.

கெடாவில் பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆறு ஆண்டுகள் அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறுகிறார்கள். தமிழில் படித்ததில் குறை ஏதுமில்லை. மொழி பழகும் காலத்தில் வாங்கும் மதிப்பெண்ணைத் திறமைக்குறைவு என்று எண்ணுவதுதான் குற்றம். மூன்றாம் படிவ பி.தி.3 தேர்வு 2022இல் நின்றபின் பள்ளியின் கணிப்புக்கு எடை கூடிவிட்டது. "உனக்கு இது கஷ்டம், வணிகம் எடு" என்று ஆசிரியர் சொன்னால், பதினைந்து வயதுப் பிள்ளை எதிர்த்தா பேசும்?

தொகுப்பைத் தேர்வதற்கு முன்பே, இரண்டாம் படிவத்தில் காரத்தை அமிலத்தால் நடுநிலையாக்கும் சோதனை வருகிறது. ஒருவர் பியூரெட்டைத் திருக, நால்வர் பின்னால் நின்று குறிப்பெழுதினால், ஒற்றைச் சொட்டில் நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு மறையும் வியப்பு அந்த ஒருவருக்கே கிடைக்கும். கணக்கு நமக்கு வரும் என்ற நம்பிக்கையும், பள்ளியில் எடுத்த கணித, அறிவியல் பாடங்களும் பல்கலைக்கழகத்தில் அறிவியல் துறையைத் தேர்ந்தெடுக்கும் எண்ணத்தை வளர்க்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் ஷுவெலி வாங் 2013இல் எழுதினார்; அந்த நம்பிக்கை இப்படிக் கையால் செய்துதானே வளரும்.

பல்கலைக்கழகத்துக்குப் படியான மெட்ரிகுலேஷன் கல்வியில் இட ஒதுக்கீட்டு அநீதியைத் தொடர்ந்து தட்டிக்கேட்க வேண்டும். 10 ஏ எடுத்த எல்லாருக்கும் இடம் என்று 2024இல் அரசு அறிவித்தது அப்படிக் கேட்டதன் பலன். ஆனால் அறிவியல் பிரிவின் வாசலில் நிற்கவே அந்தப் பாடங்கள் வேண்டுமே. 1996இல் திறந்த கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும், செமெலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. அம்மா ஆப்பரேட்டராக ஷிப்டு பார்க்கும் தொழிற்சாலைக்கு மகள் பொறியியலாளராகப் போக வேண்டாமா?

கெடா கல்வி இலாகா, கேட்கும் மாணவர் ஐவரே ஆனாலும் இயற்பியலும் கூடுதல் கணிதமும் நடத்த வழிசெய்ய வேண்டும். ஆசிரியர் இல்லையென்றால் அக்கம்பக்கத்துப் பள்ளிகள் பகிர்ந்துகொள்ளட்டும். பெற்றோரை அழைத்துப் பேசாமல் எந்தப் பிள்ளையையும் அறிவியல் தொகுப்பிலிருந்து விலக்கக்கூடாது. நம் இயக்கங்களும் ஐந்தாம் படிவ டியூஷனுக்குக் கொட்டும் பணத்தில் பாதியை, இந்த ஆண்டே, இரண்டாம் படிவத்துக்குத் திருப்ப வேண்டும்.