கடையில் கிடைக்கிறதே!

"கடையில் கிடைக்கிறதே, ஸார்! எதற்கு இந்த வீண் வேலை?" என்கிறார் நண்பர்.

என் மேஜைமேல் ஒரு பிஸ்கட் டப்பா. வெளியே ரேடியோத் திருகு போல எட்டுத் திருகுகள். உள்ளே கையகல ஆர்டுயினோ பலகை. திருகினால் கம்ப்யூட்டரில் ஸ்வரம் குழைகிறது. ஈயம் பற்றவைத்ததில் இரண்டு விரல்கள் பொசுங்கியது உண்மை. ஆனால், வீண் வேலையா?

1983-ல் போட்டிக் கம்பெனிகள் கூடி, வாத்தியங்களுக்கு 'மிடி' என்றொரு பொதுப் பாஷை வகுத்தன. அதில் சாதாரணத் திருகுக்கு 128 படிகள்தாம். என் பலகையோ 1,024 படிகளை உணர்கிறது. எட்டுக்கு ஏழு பாழ்! கமகம் படிப்படியாய் நொண்டிற்று. சுருதியை வளைப்பதற்கென்று அதே பாஷை 16,384 படிகள் ஒதுக்கியிருப்பதைப் பிறகு கண்டுகொண்டேன். ஒரு திருகை அந்த வழியில் திருப்பினேன், 1,024-ம் பிழைத்தன.

கடைப் பெட்டியில் இதையெல்லாம் எவனோ எனக்காகத் தீர்மானித்திருப்பான். காசு கொடுத்து அவன் காதையும் சேர்த்து வாங்கி வரவேண்டும். வீணைக்கு மெழுகில் மெட்டுப் பதிக்கிறவர் தம் காதைக் கேட்டுத்தானே பதிக்கிறார்? அந்த உரிமையைத்தான் நானும் கேட்கிறேன். விரல் பொசுங்கினால் பொசுங்கட்டும்!